மாசி மழையில் செங்கம் ரோடு

மாசி மாதத்தில் இப்படி ஒரு மழையை வேதா பார்த்ததில்லை. மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில். மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து கொட்ட ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது. ஓவியாவுக்கு மருந்துப் புகை வைக்கிற மெஷினும் பாதியில் நின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வீசிங். விலா உள்ளே ஒட்டி ஒட்டிப் போக, ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி கேட்டது.

கணவன் பாலாஜி ஓசூரில் வேலையில் இருந்தான். அந்த மழையில் அத்தியந்தலில் இருந்த வீடு வரை வர எந்த ஆட்டோவும் ஒத்துக்கொள்ளவில்லை. வேதா லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பிள்ளையை முன் சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டுவிட்டு, டவுன் பக்கம் காரைக் கிளப்பினாள்.

ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்துவிட்டது. ஏ.சி. பட்டனை அழுத்தினாள். கடகடவென்று சத்தம் வந்ததே தவிர காற்று வரவில்லை. கெட்டுப்போய் ஒரு மாதமாகிறது. "கத்திரி வெயிலுக்கு முன்னாடி பண்ணிக்கலாம், இப்ப இன்னா அவசரம்?" என்றிருந்தான் பாலாஜி. கண்ணாடியில் படிகிற ஆவியை எடுக்கவும் ஏ.சி.தான் வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை.

துப்பட்டாவால் துடைத்தாள். கையை எடுப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. ஜன்னலை இறக்கினால் சாரல் பிள்ளைமேல் அடித்தது. ஓவியா இருமி இருமித் துவண்டாள். ஏற்றினால் எதிரே வெறும் வெள்ளை. கிரிவலம் போகிறவர்கள் எந்நேரமும் நடக்கிற செங்கம் ரோடு அது. வெள்ளைக்குள் ஏதாவது அசைந்தால் ஆளா மரமா என்று தெரியாமல் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனாள்.

தட் என்று ஒரு சத்தம்.

பிரேக்கை மிதித்தாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் பிள்ளை மூச்சுக்கு அல்லாடியது. வேதாவின் கால் ஆக்சிலரேட்டருக்குப் போய்த் திரும்பியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

ரோட்டோரம் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், தலையில் பிளாஸ்டிக் ஷீட்டோடு, முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அடி பலமாங்க? சத்தியமா ஒண்ணுமே தெரியலைங்க..."

"சைடு கண்ணாடி தட்டிச்சி. பாத்து ஓட்ட மாட்டியா நீ?" என்று சீறியவள், திறந்த கதவு வழியாக வந்த சத்தத்தைக் கேட்டு நிறுத்தினாள். "கொழந்தைக்கு இன்னா?"

"மூச்சு விட முடியலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அந்த அம்மாள் எழுந்து வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். "ஜோதியம்மாள்னு பேரு. நீ ரோட்டப் பாரு, நான் தொடைக்கறேன்."

இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கி, நல்ல கையால் முந்தானையைப் பிடித்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். "மெதுவா... எதுக்க பஸ்ஸு வருது... மாடு, மாடு, நிறுத்து!" வேதா அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள்.

ரமணாசிரமம் தாண்டியதும் விசில் சத்தம் நின்றுவிட்டது. வேதாவுக்குத் திரும்பிப் பார்க்கவும் பயம்.

"ஓவியா! ஏங்க, மூச்சு வருதா பாருங்க!"

ஜோதியம்மாள் துணியை விட்டுவிட்டுப் பிள்ளையின் மார்பில் கை வைத்தாள். "இருக்குது. ரொம்பக் கம்மியா வருது. ஹாரன் அடிச்சிக்கினே போ, கையை எடுக்காத!" என்று மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஓவியாவை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆக்சிஜனும் ஊசியும் மருந்துப் புகையுமாக அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் பிள்ளை கண் திறந்து "தண்ணி" என்றது.

மழை விட்டதும், வீங்கிப்போன முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஜோதியம்மாள் கிளம்பினாள். விட்ட இடத்திலிருந்து நடந்து கிரிவலத்தை முடிக்க வேண்டுமாம்.

"நான் கொண்டுபோய் விடறேங்க" என்றாள் வேதா.

"உன் வண்டியிலயா? வேணாம்மா, நான் ஆட்டோல போறேன்."

அவள் போன பிறகு பாலாஜிக்குப் போன் செய்ய எடுத்தாள் வேதா. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. போனை மடியில் வைத்துவிட்டு, பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.