ஏழாவது மாடிக்கு ஏறாத சோபா

ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பல்செட் செய்யப் பழகிய இருவர், அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்டு சகலைகள் ஆனார்கள். அக்காவைக் கட்டியவர் தலைநகரத்துக்குப் போனார். தங்கையைக் கட்டியவர் சின்ன ஊரிலேயே தங்கிவிட்டார். ஊரார் அவரைப் பல்லுக்காரர் என்றார்கள். இருவரும் செய்வது அதே மேல்வரிசை, அதே கீழ்வரிசைதான். சம்பளம் மட்டும் அங்கே மூன்று மடங்கு.

சகலைக்குச் சம்பளம் ஏறும்போதெல்லாம் அக்காக்காரி போன் பண்ணிச் சொல்வாள். அன்றைக்குப் பல்லுக்காரர் வீட்டில் பாத்திரங்கள் பேசும், மனைவி பேசமாட்டாள்.

"அவரும் பல்லுதானே செய்யறாரு?" என்றாள் ஒருநாள். "அங்க ஆளுக்கு அறுபத்து நாலு பல்லா?"

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. சகலை வேலை பார்க்கும் பட்டறையில் ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சகலையின் வீடு ஏழாவது மாடி. ஒருவர் உள்ளே வர இன்னொருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க டிவி. படம் முழுசாகத் தெரிய வேண்டுமானால் குளியலறை வாசலில் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய பெரிய சோபாவோ லிஃப்டிலும் நுழையவில்லை, மாடிப்படியிலும் திரும்பவில்லை. கீழே நடைவழியில் கிடந்தது. காவலாளி அதில் ஜம்மென்று சாய்ந்திருந்தார். வேலை முடிந்து வந்த சகலையும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

"வாங்கறப்ப அளந்து பாக்கலையா சகலை?"

"சோபாவை அளந்தேன். வீட்டை அளக்கல."

மறுநாள் நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் பல்லுக்காரர் முடி வெட்டிக்கொண்டார். அந்தக் காசுக்கு அவர் ஊரில் ஒரு தெருவுக்கே வெட்டிவிடலாம். பட்டறை முதலாளி ஒரு பல்செட் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிடித்துப்போய், மூன்று மடங்கு சம்பளம் என்றார். பல்லுக்காரர் வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை. மனைவி மனசுக்குள் ஒரு கடையையே வாங்கி முடித்திருந்தாள்.

மத்தியானம் தரகரோடு வீடு பார்க்கப் போனார்கள்.

"இதுதாங்க ஹால். ராத்திரியில இதுவே படுக்கையறை. இப்படித் திரும்பினா சமையலறை."

"திரும்பறதுக்கு இடம் எங்கேங்க?" என்றாள் மனைவி.

வாடகையைக் கேட்டதும் பல்லுக்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். மிச்சத்தில் முடி வெட்ட வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

திரும்பி நடக்கையில் தெருமுனையில் மனைவி நின்றாள். "சோபாவுக்கும் டிவிக்கும் எந்த ஊர்லயும் ஒரே விலைதான். அதை வைக்கிற இடத்துக்குத்தாங்க ஊருக்கு ஒரு விலை. நம்மகிட்ட இடம் இருக்கு, சாமான் இல்ல. அவங்களுக்குச் சாமான் இருக்கு, இடம் இல்ல."

பல்லுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மடங்கு என்ற சொல்லை மிட்டாய் மாதிரி சாயங்காலம் வரை சப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளிக்குப் போன் போட்டு, மன்னிக்கணும், ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்.

அன்றே சகலைக்கும் ஓர் இடி விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சோபாவை அகற்றாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவோம் என்றார்கள் குடியிருப்புச் சங்கத்தார். கடைக்காரனும் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான்.

"எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க அத்தான்," என்றாள் தங்கைக்காரி, ராத்திரிச் சாப்பாட்டின்போது. "மாசாமாசம் ஏதாவது வாடகை போட்டுக் குடுங்க."

அக்காவின் முகம் சிவந்தது. "கூடப்பொறந்தவகிட்ட வாடகை கேக்கறியாடி?"

"கூடப்பொறந்தது நீ. சோபா இல்லையே."

சகலை சிரித்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். "இங்க கார் நிறுத்தவே இதைவிட அதிகம் கேப்பாங்க" என்றார். பல்லுக்காரருக்குப் புரையேறியது. அது அவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தபடி, "சொந்தத்துக்குள்ள என்ன பேரம்? இருக்கட்டும்" என்று பெரிய மனசு பண்ணினாள்.

சோபா லாரியில் வந்து இறங்கியது. பின்னாலேயே டிவியும் வந்தது. சகலை குடும்பமும் மாதம் இரண்டு தடவை தங்கள் சோபாவில் உட்கார்ந்து போக வந்தது. வந்த இடத்தில் முடி வெட்டிக்கொள்வார்கள், செருப்பு தைத்துக்கொள்வார்கள், காரைப் பழுது பார்த்துக்கொள்வார்கள். சகலை சாப்பாட்டில் வஞ்சனை வைக்கிற ஆள் இல்லை. வாடகையில் கொஞ்சம் அவர் வயிற்றுக்கே திரும்பிப் போனது. அப்படியும் பல்லுக்காரர் வீட்டில் புது வாஷிங் மெஷின் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அக்காவின் போன் வந்தாலும் பாத்திரங்கள் இப்போது சத்தம் போடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சகலை சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் சகலை, நானும் வேலையை விட்டுட்டு இங்கயே ஒரு பட்டறை போட்டா என்ன?"

பழைய சிநேகிதம். பல்லுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாராளமாக வாங்க என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக மனைவி வந்து நின்றாள்.

"அவசரப்படாதீங்க அத்தான். அங்கதான் சம்பளம் நல்லா வருதே."