மோட்டார் இருந்தால் இலவசம்

மார்ச் மாதக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஹில்லார் எழுந்து நின்று, "நிலவறையக் காலி பண்ணக் காசு குடுத்து வெளியாளத்தான் கூப்பிடணும். நம்ம புதுத் தலைவரம்மாவுக்கு இதெல்லாம் தோதுப்படாது" என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பன்னிரண்டு வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தும் ஒரு ஆணியைக்கூட அடிக்காத மனிதர். தேர்தலில் இரண்டே ஓட்டில் என்னிடம் தோற்றது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

"ஒரு சென்ட் செலவில்லாமக் காலி பண்ணிக் காட்டுறேன். செலவாச்சுன்னா அன்னிக்கே பதவிய விட்டு எறங்கிடறேன்" என்றேன். இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். சம்பளம் கிடையாது, திட்டுத்தான் கிடைக்கும், இருந்தாலும் வேண்டும். முப்பது வருடம் பால் தொழிற்சாலையில் அடுத்தவர் சொன்னதைச் செய்தே காலம் தள்ளியவள் நான். இப்போதுதான் நான் சொல்ல நாலு பேர் கேட்கிறார்கள். அதைக் கொண்டுபோய் ஹில்லார் கையில் கொடுப்பதா?

மே மாத முதல் சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்தோம். அது வருடா வருடம் நடப்பதுதான். வேலை முடிந்ததும் பெரிய அண்டாவில் பட்டாணி சூப் உண்டு. இந்த வருடம் நிலவறையும் சேர்ந்துகொண்டது. சோவியத் காலத்து வாஷிங் மெஷின்கள் ஒன்பது கிடந்தன. என் வீட்டுக்காரர் கால்யோ தன் தம்பியிடம் டிராக்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். மெஷின்களைத் தூக்கி ஏற்றும்போது, நான் பயந்த அளவுக்குக் கனமே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நகராட்சியின் கழிவு நிலையத்தில் மாரே என்ற பெண் பொறுப்பில் இருக்கிறாள். கறாரானவள். கையில் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு மெஷினின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்தாள்.

"இதுல மோட்டார் இல்ல. இதுலயும் இல்ல. ஏம்மா, ஒன்பதும் வெறும் டப்பாவா இருக்கே?"

"வீட்டு மின்சாதனத்த இலவசமா எடுத்துக்குவோம்னு பலகைல போட்டிருக்கீங்களே" என்றேன்.

"அடுத்த வரியப் படிங்க."

அடுத்த வரி சின்ன எழுத்தில் இருந்தது. எல்லாப் பாகமும் இருந்தால்தான் இலவசமாம். இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பதினைந்து யூரோ. முதல் வரியைப் படித்ததுமே துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போன புத்திசாலி நான்.

"மோட்டார்ல இருக்கற செம்பு வித்துத்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகுது. அத நீங்க உருவிக்கிட்டுத் தகரத்த எங்க தலைல கட்டினா எப்படி?" என்றாள் மாரே. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உதவிக்கு வருகிறேன் என்று தன் காரில் பின்னாலேயே வந்திருந்த ஹில்லார், காரின் மேல் சாய்ந்தபடி, "ராஜினாமாவ இங்கயே எழுதிடறீங்களா, எல்வி? பேனா எங்கிட்ட இருக்கு" என்றார்.

நான் கால்யோவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டிராக்டர் டயரை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மோட்டாரெல்லாம் எங்க?"

"கழட்டிட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"பின்ன? மோட்டாரோட எவனாவது மெஷினத் தூக்கிப் போடுவானா?"

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். கடையில் திருகாணிகூடக் கிடைக்காத நாட்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைமுறையில் மெஷின் செத்தால் முதல் வேலை மோட்டாரைக் கழற்றுவது. அப்புறம்தான் புது மெஷினைப் பற்றிய யோசனை.

"இப்ப எங்க இருக்கு?"

"ஒண்ணு நம்ம புல்வெட்டுற மெஷின்ல. மத்ததெல்லாம் கேட்டவங்களுக்கு ஏதாச்சும் செஞ்சு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வேற யாருக்கு, நம்ம கட்டடத்துக்காரங்களுக்குத்தான்."

அந்த நிமிடம் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. "எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?" என்று மாரேயைக் கேட்டேன். "நாலுக்கு" என்றாள். மணி அப்போது பன்னிரண்டரை.

மெஷின்களோடு முற்றத்துக்குத் திரும்பி வந்ததும் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "கால்யோ செஞ்சு குடுத்த சாமான் யார் யார் வீட்டுல இருக்கோ, கொண்டாங்க. மோட்டாரத் திருப்பி மாட்டணும்."

யாரும் அசையவில்லை. "என் சாணைக்கல்லுமா?" என்று ஒருவர் இழுத்தார். "என் ரம்பத்தக் குடுத்துட்டு வெறகு எப்படி அறுக்கறது?" என்றார் இன்னொருவர்.

"குடுக்காட்டிப் போங்க. நாளைலேருந்து ஹில்லார்தான் தலைவர்."

அவ்வளவுதான். ஆளாளுக்குப் படியேறி ஓடினார்கள். சாணைக்கல், ரம்பம், சிமென்ட் கலக்கும் டிரம் என்று ஒவ்வொன்றாக இறங்கின. என்மேல் இவர்களுக்கு இத்தனை பிரியமா, இல்லை ஹில்லார்மேல் அத்தனை வெறுப்பா என்று நான் ஆராயவில்லை. கண் கலங்கியது என்னவோ நிஜம். கால்யோ முதல் ஆளாக எங்கள் புல்வெட்டும் மெஷினைப் பிரித்தார். புல் அப்போது கணுக்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது.

இரண்டரை மணிக்கு எட்டு மோட்டார்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றைக் காணோம்.

"பதினேழாம் நம்பர் வீடு" என்றார் கால்யோ, ஹில்லாரைப் பார்த்து.

"எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

"ஆப்பிள் நசுக்கற மெஷின்."

"அது நான் கடைல வாங்கினது." வருடா வருடம் செப்டம்பரில் அந்த மெஷினை முற்றத்தில் வைத்துச் சாறு பிழிந்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்வார் ஹில்லார்.

"எந்த வீட்டு மோட்டாரோ அந்த வீட்டு நம்பர அடில கீறி வெச்சிருக்கேன். திருட்டுப் பேரு வரக்கூடாது பாருங்க" என்றார் கால்யோ. வாரத்துக்குப் பத்து வார்த்தைகூடப் பேசாத மனிதர்.

"எனக்கு நேரமில்ல" என்று ஹில்லார் நகரப் பார்த்தார். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"இருங்க, நானே எறக்கித் தரேன். அதக் கால்யோதான் செஞ்சார்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். ஏன் என் மானத்த வாங்குறீங்க?"

மெஷின் வந்தது. கவிழ்த்துப் பார்த்தோம். பெயின்டுக்கு அடியில் பதினேழு என்று தெளிவாகக் கீறியிருந்தது. ஹில்லாரின் காது இரண்டும் பீட்ரூட்டாகச் சிவந்துபோயின.

"செப்டம்பர்ல சாறுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

"கையால பிழிங்க. ஒடம்புக்கு நல்லது" என்றேன்.

ஏழெட்டு ஆண்கள் ஸ்பேனரும் கையுமாகப் புல்லில் மண்டியிட்டார்கள். கால்யோ ஒவ்வொரு மெஷினாகப் போய்த் திருகுகளைச் சரிபார்த்தார். இதை இறுக்கு, அதைத் திருப்பு என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் கேட்டார்கள். நான்கூடக் கேட்டேன். மூன்றே முக்காலுக்கு டிராக்டர் மறுபடியும் மாரேயின் வாசலில் நின்றது.

அவள் ஒன்பது மெஷினையும் விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்து, "இதெல்லாம் ஓடுமா?" என்றாள்.

"ஓடணும்னு பலகைல எங்கயாவது போட்டிருக்கா?" இந்த முறை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்திருந்தேன்.

"ஓடும்" என்றார் கால்யோ, மனம் புண்பட்டவராக.

மாரே சிரித்துவிட்டாள். "முப்பது வருஷ சர்வீஸ்ல கழட்டினத மாட்டிக் கொண்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லி ரசீது எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது யாரும் சூப்பைத் தொடவில்லை. கரண்டியும் கையுமாக எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நான் ரசீதை நேராக ஹில்லாரிடம் நீட்டினேன்.

"நீங்களே படிச்சுடுங்க. நான் படிச்சா நம்ப மாட்டீங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தார். "வாஷிங் மெஷின் ஒன்பது. எல்லாப் பாகமும் இருக்கு. கட்டணம் இல்லை."

"இன்னொரு தடவ படிங்க ஹில்லார்" என்றேன். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."