இல்லாத சந்தின் மறுமுனை

ஆபீஸில் நகர வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா புருஷன் போன் செய்தார். பின்னணியில் ஆம்புலன்ஸ் அலறியது.

"மாப்ளே, உங்க அக்காவுக்கு நெஞ்சு வலிடா. மெயின் ரோடு ஒரே ஜாம். டிரைவர் உங்க கம்பெனி மேப்பைப் பாத்து கொல்லர் சந்துக்குள்ள புகுந்துட்டாரு."

கொல்லர் சந்து என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் மேப்பைக் காப்பியடிக்கும் திருடர்களைப் பிடிக்க, போன வருடம் நானே கற்பனையாக வரைந்து சேர்த்தது அது; வேறொருவர் மேப்பிலும் அது இருந்தால் திருட்டு தெரிந்துவிடும். அந்த இடத்தில் இருப்பது ஒரு குடோன் சுவர்.

"மாமா, அங்க வெறும் சுவர்தான்! வண்டியைத் திருப்பச் சொல்லுங்க!"

"உளறாதே. ரெண்டு பக்கமும் வீடு, திருப்ப இடமில்ல. பத்து நிமிஷமா ஓட்டறோம், சந்து முடியவே மாட்டேங்குது. அவளுக்கு மூச்சு வாங்குது, ஏதாவது பண்ணுடா!"

பொய்ச் சந்துக்கு மறுபக்கம் வழி வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. வழி இருந்தால் யாராவது நம்பிப் போய்விடுவார்கள். அதனால் மூடியே வரைந்திருந்தேன்.

மௌஸைப் பிடித்து, சந்தை ஆஸ்பத்திரி ரோடு வரை இழுத்து இணைத்தேன். சேமித்தேன்.

"அப்பாடா! ஆஸ்பத்திரி கேட் வந்துடுச்சு! ஸ்ட்ரெச்சர் கொண்டு வர்றாங்க. உங்க அக்கா பொழச்சுக்குவாடா!"

நாற்காலியில் சரிந்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"மாப்ளே..." அவர் குரல் திடீரென்று இறங்கியது. "அந்தச் சந்து ஜனங்க கூட்டம் கூட்டமா வெளிய வர்றாங்கடா. வழி திறந்துவிட்ட புண்ணியவான் வீடு எங்கேன்னு கேக்கறாங்க."