பத்து எண்ணும் வரை

ஏழாவது தடவையாக விழுந்து எழுந்தபோது இனிகோவுக்கு வாயெல்லாம் உப்பு. மணப்பாட்டுக் கடற்கரையில் செல்போனைப் பிடித்தபடி நின்ற நண்பன் வேலுசாமி, சிரிப்பதை நிறுத்தியிருந்தான். முதல் மூன்று தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன்தான். இப்போது பாவமாகப் பார்த்தான். இனிகோவுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், திண்டுக்கல்லில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்துக் கௌரவமாக இருக்கிற மனுசன், காற்றடைத்த பலகை ஒன்றின் மேல் ஏறுவதும் பொத்தென்று விழுவதுமாக இருந்தால் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. இனிகோவின் மனைவி ஐரின் அயர்லாந்தில் நர்ஸ். போய் மூன்று வருசமாகிறது. போன மாதம் அவள் அனுப்பிய படத்தில், கடலில் இந்த மாதிரி ஒரு பலகை மேல் கையில் துடுப்போடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை இருபது வருசத்தில் இனிகோ பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொள்வான். ஃபேன் பெல்ட் கேட்டவருக்கு ஆயில் ஃபில்டரை எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினான். சும்மா சொல்லக்கூடாது, ஏங்கித்தான் போனான். மீன் வாங்கினால் நடுத்துண்டை அவளுக்கென்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் அவனை விடவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டு, செத்த நேரம் கழித்து அவனே தின்பான்.

வேலையை இன்னும் இரண்டு வருசம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஐரின் சொன்னபோது, "போடாத, வந்துரு" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக வீம்பாக வேறொன்றைச் சொல்லிவைத்தான்.

"அந்தப் பலகையில நிக்கிறதெல்லாம் ஒரு வித்தையாக்கும். நானுந்தான் நிப்பேன்."

"நீங்களா? கடல்ல பத்து எண்ணுற வரைக்கும் நின்னு காட்டுங்க. கையெழுத்துப் போடாம வந்துர்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு இனிகோ சிரிக்கவில்லை. மறுநாளே பலகைக்கு ஆர்டர் போட்டான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருந்தது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் வேலுசாமியின் தோட்டத்தில் நாற்பதடிச் சதுரக் கிணறு. நீச்சலே கிணற்றில் பழகியவன் இனிகோ. இதையும் அங்கேயே பழகினான். மூன்றாம் நாளே நின்றுவிட்டான். பலகை சாய்ந்தால் துடுப்பை நீட்டிக் கல்கட்டில் ஒரு ஊன்று. நிமிர்ந்துவிடும். இரண்டு வாரத்தில் ஐம்பது எண்ணும் வரை நின்றான். வேலுசாமி அதை வீடியோ எடுத்து ஐரினுக்கு அனுப்பினான்.

"கிணத்துல நின்னா கணக்குல வராது. கடல்னுதான் சொன்னேன்" என்றாள் ஐரின். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை நினைத்து நினைத்துத்தான் இனிகோ, திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு வேலுசாமியையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தான்.

"ஏலே அப்பு, ஒண்ணு கேக்கேன்" என்றான் வேலுசாமி. "சாயிறப்பெல்லாம் துடுப்ப எங்கிட்டு நீட்டுற? அங்க என்ன என் கிணத்துச் சுவரா இருக்கு?"

இனிகோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு தடவையும் கை அதுவாகவே பக்கவாட்டில் போய் இல்லாத கல்லைத் தேடியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் ஐரின் வந்தாள். நைட் டூட்டி முடித்து அப்போதுதான் அறைக்குத் திரும்பியிருந்தாள், இன்னும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"எங்கண்ணே அவரு?"

வேலுசாமி போனைக் கடல் பக்கம் திருப்பினான். ஓர் அலை கடந்துபோகட்டும் என்று காத்திருந்து, முட்டிபோட்டு, ஒவ்வொரு காலாக ஊன்றி, இனிகோ எழுந்தான். முட்டியை மடக்கிக்கொண்டான். துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டான். வேலுசாமி சந்தையில் காய் எண்ணுகிறவன் மாதிரி உரக்க எண்ணினான். ஐந்து. ஆறு. பலகை ஏறி இறங்கியது, ஆள் நின்றான். எட்டு. இந்நேரம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒன்பது. பலகை லேசாக இடப்பக்கம் சாய, கை தன்னால் நீண்டது. சுவர் இல்லை.

தண்ணீருக்குள் காது அடைத்திருந்தும் வேலுசாமியின் "பத்து" அவனுக்குக் கேட்டது.

"பத்து ஆயிருச்சு தாயி. கரெக்டா எண்ணிட்டேன்."

"ஒம்பதுதாண்ணே" என்றாள் ஐரின். "எனக்கு எண்ணத் தெரியாதா?"

வேலுசாமி மணலைப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீரில் இருமிக்கொண்டே நின்ற இனிகோவுக்குக் கண் எரிந்தது. உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்லிக்கொண்டான். ஒரு எண். ஒரே ஒரு எண்ணில் இரண்டு வருசம் போய்விட்டது. கேலியாக ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"ஏங்க" என்று போனிலிருந்து குரல் வந்தது. "திரும்ப ஏறுங்க. டூட்டி முடிஞ்சிருச்சு. நான் இங்கனயேதான் இருக்கேன்."

இனிகோ காலில் கட்டியிருந்த வாரைப் பிடித்துப் பலகையை இழுத்தான். வேலுசாமி லுங்கி நனைவதைப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கி, போனை இரண்டு கையாலும் அலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஐரின் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, ஒன்று என்று ஒரு விரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.