கோழிக் கொட்டகைக்கு ஒரு கைப்பை

ஏலக்காரன் டுவெய்ன் கைத்துப்பாக்கியைச் சன்னல் பக்கம் திருப்பி, சின்ன டார்ச்சைக் குழலுக்குள் அடித்துப் பார்த்தான். ஏலக்கூடத்தில் அப்போதுதான் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோண்டா கறுப்பு உடையிலேயே வந்திருந்தாள். அம்மாவின் அடக்கம் மதியம் இரண்டு மணிக்கு.

"உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. மொத்தமே ரெண்டு பெட்டி தோட்டா சுட்டிருந்தா அதிகம். ஆனா வெளியில பாரு. யாரு இதை இப்படித் தூக்கிட்டுத் திரிஞ்சது?"

"யாரும் இல்ல. அப்பாவோடது. இழுப்பறையில கெடந்தது."

"இழுப்பறையிலயா? பள்ளிக்கூடத்துலயே உனக்குப் பொய் சொல்ல வராது, ரோண்டா."

அது பொய் இல்லை. அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். காலையில் சமையலறைத் துண்டில் சுற்றி அதை அவளிடம் கொடுத்தார். "டுவெய்ன்கிட்ட குடு. இன்னைக்கு ஏலத்துலயே போயிடணும்."

"இன்னைக்கேவா? அடுத்த மாசம் பாத்துக்கலாமேப்பா."

"அவளப் பொதைக்கிறதுக்கு முன்னாடி."

ஏன் என்று அவள் கேட்டபோது அவர் டையைத் தேடப் போய்விட்டார்.

டுவெய்ன் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தான். "தோல் உறையில வெச்சிருந்தா முனையில தேயும், ஓரத்துல தேயும். இது பாரு, ஒரு பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக் கீறல். சாவியோடயும் சில்லறையோடயும் வருஷக்கணக்கா உரசின மாதிரி." பல்குத்தும் குச்சியால் பிடியின் வரிப்பள்ளத்தைச் சுரண்டினான். தாளில் இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. "துருவும் இல்ல. என்ன கண்றாவி இது?"

ரோண்டா குனிந்து முகர்ந்தாள். அம்மாவின் முகப்பவுடர்.

விச்சிட்டாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அடிபட்ட கார்களைப் பார்த்து, எங்கே எப்படி இடித்தது என்று எழுதித் தர வேண்டும். எழுதியதை மூன்று முறை சரிபார்த்துவிட்டு, அதன்பிறகும் தப்போ என்று விழித்துக்கொண்டு கிடப்பவள். இப்போதும் அதே சந்தேகம்தான். பவுடர் எங்கே வேண்டுமானாலும் சிந்தும். ஆனால் அப்பாவின் இழுப்பறைக்கு அது எப்படி வரும்?

டுவெய்ன் ஏலச்சீட்டில் எழுதினான்: 'பயன்படுத்திய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். அதிகம் சுமந்தது, குறைவாகச் சுட்டது.' எண்பத்தாறு என்ற அட்டையை அதில் நூலால் கட்டினான்.

"யாரோடதுன்னு படிக்க வேணாம்," என்றாள்.

"படிக்கலேன்னா மட்டும்? இந்த ஊர்ல எந்த மாடு எந்த வீட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

வீட்டில் அப்பா சமையலறையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு ஆணியில் அம்மாவின் பழுப்பு நிறக் கைப்பை தொங்கியது. செவ்வாய்க்கிழமை அம்மா பாத்திரம் கழுவும் இடத்திலேயே சரிந்து விழுந்த பிறகு அதை யாரும் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

ரோண்டா அதைக் குளியலறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு துண்டை விரித்து, வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சாவிக்கொத்து. சில்லறை. பாதி தீர்ந்த பெப்பர்மின்ட். மூடி விரிசல் விட்ட பவுடர் டப்பா. பக்கவாட்டுப் பையின் உட்துணிமேல் அப்பாவின் பழைய ஓவரால் உடுப்பின் முரட்டுத் துணியை வெட்டி இரட்டையாகத் தைத்திருந்தது. அம்மாவின் தையல். அந்தத் தடித்த துணியும் தேய்ந்து, தேய்ந்த இடம் அந்தத் துப்பாக்கியின் வடிவத்திலேயே வெளுத்திருந்தது.

யாருக்குப் பயந்தாள்? ஞாயிறுதோறும் சர்ச்சில் பியானோ வாசித்தவள். பாம்பைக்கூட மண்வெட்டியால் தள்ளித்தான் விடுவாள்.

பிறகு கோழிகள் நினைவுக்கு வந்தன. முட்டை எடுக்கப் போகும்போதும் அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டுதான் போவாள். வீட்டில் அது பெரிய கேலி. "கோழிங்ககிட்ட லைசென்ஸ் காட்டணுமாம்மா?" என்று ரோண்டா கேட்பாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

எப்போது தொடங்கியது அது? ரோண்டா பின்னோக்கி எண்ணினாள். அவளுடைய பத்தாவது பிறந்தநாளில் அம்மா வெறுங்கையோடு கொட்டகைக்குப் போனாள், நினைவிருக்கிறது. பன்னிரண்டாவது வயதில் பை வந்துவிட்டது. மாடுகளை விற்ற குளிர்காலம் அது. டிராக்டர் நிற்கும் கொட்டகையில் அப்பா விடிந்ததிலிருந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

அவள் பொருட்களை அதே வரிசையில் திரும்ப வைத்தாள். தப்பாக இருக்கலாம் என்று இந்த முறை அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா பயந்தது யாருக்கும் அல்ல, அப்பாவுக்காக. முப்பத்தோரு வருடம், அப்பா தனியாக இருந்த எந்த அறையிலும் அந்தத் துப்பாக்கி இருந்ததில்லை. விற்றிருக்கலாம்தான். ஆனால் விற்றிருந்தால் ஏன் என்று ஊர் கேட்டிருக்கும்.

"ரோண்டா, நேரமாச்சு," என்று அப்பா கதவைத் தட்டினார்.

பையோடு வெளியே வந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"அப்பா, அந்த இழுப்பறை எத்தன வருஷமா காலியா இருந்துச்சு?"

அவர் குனிந்து ஷூ நாடாவை இன்னொரு முறை கட்டினார். "சர்ச்சுல அவ வாசிச்சு முடிச்சதும் பைய எடுத்துக் குடுக்கிறது நான்தானே," என்றார். "கனமா இருக்கும்." முடிச்சை இறுக்கிவிட்டு, "நீ திங்கக்கெழம கெளம்பிடுவே. அப்புறம் வீட்ல நான் மட்டுந்தான். அதான்," என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. பக்கத்துப் பண்ணை லெஸ்டர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து அப்பாவின் எதிரில் நின்றார். பெட்டியின் இடுக்கில் எண்பத்தாறு என்ற அட்டை தொங்கியது.

"ஆர்வில், உனக்கு அறிவிருக்காடா? செலவுக்கு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வெளியூர்க்காரன் ஒருத்தன் கேட்டுட்டே போனான். நாங்க நாலு பேரு சேந்து ஏத்திக் கேட்டோம், அவன விடுவமா? டுவெய்னும் கண்டுக்காம சட்டுனு சுத்திய அடிச்சுட்டான்."

ஊர் வழக்கம் அது. துக்கத்திலோ கஷ்டத்திலோ இருக்கும் வீட்டுப் பொருள் ஏலத்துக்கு வந்தால், அக்கம்பக்கத்தார் எடுத்து அன்றைக்கே அந்த வீட்டில் திருப்பிச் சேர்த்துவிடுவார்கள். மாடுகளை விற்ற அந்த வருடம் அம்மாவின் தையல் மிஷினும் லெஸ்டரின் வண்டியில்தான் திரும்பி வந்தது. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

"வெச்சுக்கடா," என்றார் லெஸ்டர். அவர் கண் கலங்கியிருந்தது. "வில்மா இருந்தா இத வெளிய போக விட்டிருப்பாளா?"

"இல்ல. விட்டிருக்க மாட்டா," என்றார் அப்பா. அவருடைய இரண்டு கைகளும் தட்டின் இரு பக்கமும் அப்படியே இருந்தன. நீட்டிய பெட்டி நீட்டியபடி நின்றது. அடுத்த மேசையில் பேச்சு நின்று எல்லோரும் அன்போடு பார்த்தார்கள்.

ரோண்டா எழுந்தாள். "ரொம்ப நன்றி, லெஸ்டர் மாமா. எங்கிட்ட குடுங்க."

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே அம்மாவின் பை தன் தோளிலேயே இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, இரட்டைத் துணி தைத்த இடத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. கொக்கி 'டக்'கென்று மூடிக்கொண்டது. அப்பா பன்னை எடுத்து ஒரு வாய் கடித்தார்.

காரில் ஏறும்போது, "கனக்குதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோழிகள் சத்தம் போட்டன.

"இன்னைக்கு முட்ட எடுக்கல," என்றார் அப்பா.

"நான் போறேன்."

அவள் கறுப்பு உடைக்குக் கீழே அம்மாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முட்டைக்கூடையை எடுத்தாள். பின்கதவு ஆணி காலியாகவே இருந்தது. கூண்டுக்குள் குனிந்ததும் பை முன்னால் ஆடி வந்து கூடையில் இடித்தது. அதை முழங்கையால் விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வைக்கோலுக்குள் மற்ற கையை விட்டாள். முதல் முட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அப்பா சன்னலை ஒட்டி, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டிருந்தார்.