யேசுதாஸின் டோக்கன்

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. தெரசாவின் புருஷன் யேசுதாஸ் போனது ஜூலையில். டிசம்பர் பிறந்ததும் அவருடைய அக்கா இசபெல்லா வந்து, இதைத் தெரசாவுக்கு ஞாபகப்படுத்திவிட்டுத்தான் காபி டம்ளரையே கையில் வாங்கினாள்.

தெரசா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இஞ்சியும் வெல்லமும் போட்டு மாவு பிசைந்தாள். வட்டமாக வெட்டி, மேலே ஓட்டை போட்டு, ஊசியால் சுரங்க டோக்கன் மாதிரி நம்பர் குத்தினாள். தட்டை மூடக்கூட இல்லை. ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கப் பார்க்கட்டும் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து, ஆட்டோ ஏறி ராபர்ட்சன்பேட்டை பேக்கரிக்குப் போனாள். பண்டிகைக்கு எல்லார் வீட்டு மாவும் அங்கேதான் வேகும்.

அடுப்படியில் நின்ற வேலு தட்டை வாங்கத் தயங்கினான். "அக்கா, உங்க வீட்ல இந்த வருஷம்..."

"துக்கம் எனக்கு. உன் அடுப்புக்கு இன்னா? உள்ள தள்ளு."

வெந்து வந்தபோதுதான் கவனித்தாள். தன் நம்பர், மகன் ஆஸ்டின் நம்பர், அவற்றோடு யேசுதாஸின் நம்பர். வருஷா வருஷம் குத்திய கை, கேட்காமலே குத்தியிருந்தது. அதை உடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த டோக்கன்களை வைத்து ஆடும் ஆட்டம், தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் வேலையில்லாமல் கிடந்த யேசுதாஸ் செய்தது. பிளைவுட் பலகையில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி, துடைப்பக் குச்சிகளில் அதன் மேலே கோபுரம், நூல்கண்டுக் கட்டையில் சுற்றி இறங்கும், ஆளை இறக்குகிற தீப்பெட்டிக் கேஜ். ஓரத்தில் ஆணிகள். நிஜச் சுரங்கத்தைப் போலவே, இறங்குகிறவன் தன் பிஸ்கட் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மேலே ஏறி வந்தால் எடுத்துத் தின்னலாம். பகடையில் ஒன்று விழுந்தால் பாறை வெடித்து அவன் கீழே மாட்டிக்கொள்வான். வேறொருவர் இறங்கிக் கூட்டி வர வேண்டும். டோக்கன் தொங்குகிற வரைக்கும் ஷிப்ட் முடியாது, யாரும் எழுந்து போகக் கூடாது.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் தெரசாவும் ஆஸ்டினும் பலகையை விரித்திருந்தபோது இசபெல்லா உள்ளே வந்தாள். சர்ச் பூசைக்குக் கட்டிய சேலை, அதே முகக் கடுப்பு.

"வெக்கமா இல்ல தெரசா? மண்ணுகூட இன்னும் காயல. அதுக்குள்ள ஆட்டமாடி?"

"அவரு இருந்தா ஆடியிருப்பாரு அண்ணி."

"இருந்தா!" இசபெல்லாவின் கண் ஆணிகளில் தொங்கிய மூன்று பிஸ்கட்டுகள் மேல் போனது. "மூணாவது யாருக்குடி? செத்தவனுக்கா?" என்று அதைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

தெரசா அந்தக் கையைப் பிடித்தாள். "அடுத்தவங்க டோக்கனைத் தொடாதீங்க. வேணும்னா உக்காந்து ஆடுங்க. கீழ போயி உங்க தம்பிய இட்டுக்கினு வந்துட்டு எடுங்க."

இசபெல்லாவின் அப்பாவும் சுரங்கத்துக்காரர்தான். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் கேட் வாசலில் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவள். நீட்டிய கை மெல்ல இறங்கியது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"குடுறா அந்தப் பகடைய."

நம்பர் இல்லாத பிஸ்கட் ஒன்றை ஆஸ்டின் அவளுக்காக மாட்டினான். அவள் உருட்டினாள். கேஜ் இறங்கியது. திரும்ப உருட்டினாள். ஒன்று.

"அத்தே, மாட்டிக்கினீங்க!"

"சும்மா இருடா, கழுத." எழப் போனாள்.

"உக்காருங்க அண்ணி. உங்க டோக்கன் தொங்குது."

"அப்ப யாருடி என்னைக் கூட்டியாறது?"

"நான் வரேன்." தெரசா பகடையைக் கையில் எடுத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. "ஆஸ்டின், ஸ்டார் லைட்டப் போடு."

"ஸ்டாரா? வாங்கி வெச்சிருக்கியா? வேணாம்னு சொன்னேன்ல!"

"சொன்னீங்க. ஆளு கீழ இருக்கசொல்ல லைட்ட அணைப்பாங்களா?"

ஆஸ்டின் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த ஸ்டாரை வாசலில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினான். வாசலில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று தெரசா கதவை இன்னும் அகலத் திறந்துவைத்துவிட்டு வந்து, பகடையை உருட்டினாள்.