நாளைக் காலை ஒன்பது மணி வரை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் விவசாயக் கம்பெனிகளை எடைபோட்டு, பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. மற்றவர்கள் கம்பெனி தருகிற வழவழப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எழுதிவிடுவார்கள். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிடங்கு கிடங்காக ஏறி இறங்குவாள்.

இந்த முறை ஒரு விதைக் கம்பெனி. விற்பனை வருஷா வருஷம் எகிறிக்கொண்டே போனது. ஆறு ஊர்க் கடைக்காரர்களின் கிடங்குகளைத் திறந்து பார்த்தாள். கூரை முட்ட மக்காச்சோள விதை மூட்டைகள். பாதிக்கு மேல் தேதி முடிந்தவை, விதைத்தாலும் முளைக்காதவை. வருஷக் கணக்கு முடிக்கிற மாதத்தில் கம்பெனி சரக்கைக் கடைக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு, விற்றதாகக் காட்டிக்கொள்ளும். பிறகு சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்து, கடைசி வரியில் ‘விற்கவும்’ என்று எழுதினாள். அறிக்கை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளிவரும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. விட்டால் உரிமம் போகும். ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். அலுவலகத் தொலைபேசியில் பேசுவது அத்தனையும் பதிவாகும்.

பிற்பகல் இரண்டரைக்கு அந்தத் தொலைபேசி அடித்தது. அக்காவின் கணவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வுபெற்றவர். அப்பா போன பிறகு இவளைப் படிக்கவைத்தவரும் அவர்தான்.

“ஓய்வுப் பணம் வந்துடுச்சும்மா. மொத்தமா அந்த விதைக் கம்பெனியில போட்டுடலாம்னு இருக்கேன். எல்லாரும் சாப்பிட்டுத்தானே ஆகணும், விதைக்கு என்ன கேடு வந்துடப் போகுது? நீ என்ன சொல்ற?”

பதில் தொண்டைவரை வந்துவிட்டது. விதி மீறுகிறார்களா என்று கண்காணிக்கிற எதிர் மேசை அதிகாரி தலைநிமிர்ந்தார். பாவம், அவர் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

“மாமா, எந்தக் கம்பெனியைப் பத்தியும் வீட்டு ஆளுங்ககிட்ட நான் பேசக் கூடாது. பொதுவா ஒண்ணு சொல்றேன். மொத்தத்தையும் ஒரே இடத்துல போடாதீங்க.”

“அதைத்தான் டிவியிலயே சொல்றாங்களே.” சிரித்தார். “உன்னை எனக்குத் தெரியாதா? சட்டையில கறை இருந்தாலே நடுத்தெருவுல நிறுத்திச் சொல்றவ நீ. அதுல ஓட்டை இருந்தா உன் வாய் சும்மா இருக்குமா? சும்மா இருக்குன்னா நல்ல கம்பெனிதான். புரிஞ்சுடுச்சு, நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“மாமா, அப்படி இல்ல...”

வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்வது? வேண்டாம் என்றால் குற்றம். பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறார். மேலாளரிடம் ஓடினாள். அறிக்கையை இன்றைக்கே வெளியிட்டால் என்ன என்று கேட்டாள்.

“ஒரு நாள்ல என்ன முழுகிடப் போகுது?” என்றார் அவர்.

மூன்றரைக்குச் சந்தை மூடியது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அறிக்கை வெளிவந்த அரை மணி நேரத்தில் அந்தப் பங்கு, ஒரு நாளில் விழச் சந்தை அனுமதிக்கிற அளவு முழுவதும் விழுந்து அப்படியே நின்றது. விற்க ஊரே இருந்தது, வாங்க ஒருவரும் இல்லை. மாமா கூப்பிட்டார். இப்போது எந்த விதியும் குறுக்கே இல்லை. பேசி ஆகப்போவதுதான் ஒன்றுமில்லை.

“எவனோ வேலையத்தவன் ஏதோ எழுதிட்டானாமே. நேத்தே மொத்தத்தையும் போட்டுட்டேன், இப்ப விக்கவும் முடியல. என்னம்மா செய்யட்டும்?”

“அதை எழுதினது நான்தான் மாமா.”



“நேத்து நான் போன் பண்ணினப்போ?”

“எழுதி முடிச்சிருந்தேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரிம்மா. பணம் போனதை அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். உனக்கு முன்னாடியே தெரியும்ங்கறதை மட்டும் சொல்லிடாதே. அதை அவ தாங்கமாட்டா.”